வளர்வதை நிறுத்திய செல் முதிர்ந்துவிட்டதா? குழந்தைகளின் தசைப் புற்றுச் செல்கள் குறித்து ஒரு கேள்வி

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கு வரும் மென்திசுப் புற்றுகளில் மிகுதியாகக் காணப்படுவது ராப்டோமயோசார்கோமா. அதன் செல்கள் எவ்வாறு பெருகுகின்றன, தசையாக மாறும் பாதையில் எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். பாடநூல்களில் இந்த மாற்றத்தை வேறுபாடடைதல் என்கிறார்கள். எளிமைக்காக நான் இங்கே முதிர்வு என்றே எழுதுகிறேன்.

நான் வளர்ப்பது ஆர்டி என்னும் செல் வரிசை. இடுப்புப் பகுதியில் கட்டி வந்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருவரின் திசுவிலிருந்து 1960களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது அது. ஒப்பீட்டுக்காக, பக்கத்துத் தட்டில் சி2சி12 என்னும் எலியின் தசை முன்னோடிச் செல்களை வைத்திருக்கிறேன். இரண்டையும் 10 விழுக்காடு கன்றுச் சீரம் கலந்த ஊடகத்தில் தட்டு நிறையும்வரை வளர்த்துவிட்டு, பிறகு 2 விழுக்காடு குதிரைச் சீரத்துக்கு மாற்றினேன். வளர்ச்சித் தூண்டிகள் குறைந்தால் முன்னோடிச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு ஒன்றோடொன்று இணைந்து தசைக்குழல்களாக மாறும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆறாம் நாளில் எலிச் செல்கள் அப்படியே வரிசையாக நீண்டு, பல உட்கருக்களைக் கொண்ட குழல்களாகிவிட்டன. ஆர்டி செல்களோ சற்றே நீண்டன, பெருகும் வேகம் குறைந்தது, செல் எண்ணிக்கை பழைய ஊடகத்தில் இருந்த தட்டில் இருந்ததைப்போல் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. முதிர்ந்த தசையின் புரதமான மயோசினைக் காட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றிப் பார்த்தபோது நூறு உட்கருக்களுக்கு ஒன்றோ இரண்டோதான் ஒளிர்ந்தன.

"சீரம் குறைந்ததால் செல்களின் வளர்ச்சி குன்றி அவை முதிர்வடைந்தன" என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். என் வழிகாட்டி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இவை இரண்டு கூற்றுகள், உன்னிடம் ஒன்றுக்குத்தான் சான்று இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். வளர்ச்சி நிற்பதும் முதிர்வதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். அவற்றை எப்படிப் பிரித்துக் காண்பது, பிரித்துக் காண்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செங்காந்தள் எழுதியது:

தம்பி, உங்கள் வழிகாட்டி அடித்தது சரியான வரியைத்தான். இந்தத் துறையில் வெளியான பல கட்டுரைகளிலும் அந்தப் பிழை இருக்கிறது என்பதால் வருந்த வேண்டாம்.

இயல்பான தசை முன்னோடிச் செல்லில் இரண்டு நிகழ்வுகளும் கோத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான் அவை ஒன்றெனத் தோன்றுகின்றன. மயோடி என்ற புரதம் ஒருபுறம் தசைக்குரிய மரபணுக்களைத் திறக்கிறது. மறுபுறம் பி21 என்ற தடுப்புப் புரதத்தை உயர்த்தி, செல் சுழற்சியிலிருந்து செல்லை வெளியேற்றுகிறது. வெளியேறிய செல் திரும்பி வருவதில்லை. புற்றுச் செல்லில் இந்தக் கோப்பு அறுந்திருக்கிறது. அங்கே சீரக் குறைவால் வேகம் தளர்ந்த செல் வெறுமனே பசியோடு காத்திருக்கலாம், ஓய்வு நிலைக்குப் போயிருக்கலாம், முதுமையடைந்து நின்றிருக்கலாம், இறந்து மிதந்து நீங்கள் ஊடகத்தை மாற்றும்போது போயிருக்கலாம். இவை அனைத்தும் வளர்ச்சி வரைபடத்தில் ஒரே சரிவாகத்தான் தெரியும்.

இந்தச் செல்களின் வியப்பு என்னவென்றால், மயோடி அவற்றில் இல்லாமல் இல்லை. 1987இல் சியாட்டிலில் ஹெரால்டு வெயின்ட்ராப்பின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டேவிஸும் ஆண்ட்ரூ லாசரும் அவருடன் சேர்ந்து மயோடியைக் கண்டறிந்தபோது, அந்த ஒற்றை மரபணுவை இணைப்புத் திசுவின் நாரிணைப்புச் செல்லுக்குள் செலுத்தினாலே அது தசை முன்னோடியாக மாறிவிடுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால், அதே மயோடி நிறைந்திருக்கும் ராப்டோமயோசார்கோமாச் செல் ஏன் தசையாகவில்லை? 1993இல் ஸ்டீபன் டாப்ஸ்காட், வெயின்ட்ராப் முதலியோர் இதைச் சோதித்தார்கள். புற்றுச் செல்லின் மயோடி டிஎன்ஏவில் சென்று ஒட்டுகிறது, ஆனால் மரபணுவைத் திறம்பட இயக்கவில்லை. பிறகு அந்தப் புற்றுச் செல்லை ஒரு நாரிணைப்புச் செல்லோடு இணைத்து, இரண்டு உட்கருக்களும் ஒரே செல்லுக்குள் இருக்கும்படி செய்தார்கள். மயோடி வேலை செய்யத் தொடங்கியது, செல்லும் தசையாக முதிர்ந்தது.

அந்தச் சோதனையை இன்று படித்தாலும் மனம் நெகிழ்கிறது. முதிர்வதற்கான பாதை அழிந்துபோகவில்லை, ஏதோ ஒன்று குறைவதால் செல் வாசற்படியில் நிற்கிறது என்று அதற்குப் பொருள். வெயின்ட்ராப் 1995இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே மூளைக் கட்டியால் இறந்துபோனார். டாப்ஸ்காட் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. மயோடி தனியாக இயங்குவதில்லை, ஈ-புரதம் எனப்படும் துணையோடு இணை சேர வேண்டும். புற்றுச் செல்லில் வேறு சில புரதங்கள் இடையில் புகுந்து அந்த இணையைக் கெடுக்கின்றன என்றும், மயோடியையும் ஈ-புரதத்தையும் ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தால் செல் முதிர்கிறது என்றும் அவர் குழு 2009இல் காட்டியது.

பயாப்சிமேசை எழுதியது:

நான் நோய்க்குறியியல் மருத்துவர். குழந்தைகளின் கட்டித் திசுக்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை. செங்காந்தள் அவர்கள் கூறியதற்கு என் மேசையிலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இழையைத் தொடங்கியவர் அடுத்து விழக்கூடிய குழி அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கட்டியை உறுதிசெய்ய நாங்கள் டெஸ்மின், மயோடி, மயோஜெனின் ஆகிய தசைப் புரதங்களுக்குச் சாயமேற்றுகிறோம். மயோஜெனின் என்பது மயோடிக்கு அடுத்த படியில் வரும் புரதம் என்பதால், அது தெரிந்தால் செல் முதிர்கிறது என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். உண்மை அதற்கு எதிராக இருக்கிறது. இந்நோயின் இரண்டு பெரும் வகைகளில், கருநிலை வகையின் மயோஜெனின் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அல்வியோலார் வகையில் பெரும்பாலான உட்கருக்களும் அடர்த்தியாக ஒளிரும். ஆனால் கொடியது அல்வியோலார் வகைதான். மயோஜெனின் கட்டியின் பெயரைச் சொல்கிறது, முதிர்வைச் சொல்வதில்லை. முதிர்வை அளக்க மயோசின், பல உட்கரு, குறுக்குவரி என்று பாதையின் கடைசிப் படிகளைப் பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

செங்காந்தள் அம்மாவுக்கும் மருத்துவர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நான் மயோஜெனினை முதன்மை அளவீடாக வைக்கத்தான் எண்ணியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு குழப்பம் தீரவில்லை. ஆர்டி செல்களில் என்ராஸ் மரபணுவில் சடுதி மாற்றம் இருக்கிறது. ராஸ், மெக், எர்க் என்று செல்லும் சமிக்ஞைத் தொடர் வளர்ச்சிக்கு உரியது என்று படித்திருக்கிறேன். சீரத்தைக் குறைத்தாலும் உள்ளிருந்தே அந்தத் தொடர் ஓயாமல் முடுக்கிக்கொண்டிருக்கும் என்பதால் செல் நிற்காததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் வேகம் தளர்ந்த செல்களும் ஏன் முதிரவில்லை?

செங்காந்தள் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. இதற்குத் தெளிவான விடை 2018இல் வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த மாரியல் யோஹி, ஜாவேத் கான் முதலியோர் ராஸ் மாற்றம் கொண்ட ராப்டோமயோசார்கோமாச் செல்களுக்கு டிராமெட்டினிப் என்னும் மெக் தடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். செல்கள் நின்றதோடு நில்லாமல் தசையாக முதிரவும் செய்தன. எப்படி என்று தேடியபோது, எர்க்2 புரதம் மயோஜெனின் மரபணுவின் தொடக்கப் பகுதியிலேயே வந்து அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். படியெடுக்கும் நொதி அங்கே வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் நகர முடியாமல் தேங்கி நிற்கிறது. மருந்து எர்க்கின் பிடியைத் தளர்த்தியதும் படியெடுத்தல் தொடங்குகிறது, மயோஜெனின் பெருகுகிறது, அது முதிர்வுக்குரிய பிற மரபணுப் பகுதிகளைத் திறக்கிறது.

ஆகவே ராஸ் தொடர் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. பெருகச் சொல்வது ஒன்று, முதிர்வின் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. சீரத்தைக் குறைக்கும்போது முதல் வேலையின் ஒரு பகுதியை மட்டுமே நீங்கள் தளர்த்துகிறீர்கள். இரண்டாவது அப்படியே இருக்கிறது. உங்கள் தட்டில் நீங்கள் கண்டது அதுதான் என்று எண்ணுகிறேன்.

மருத்துவர் சொன்னதற்கும் இதற்கும் முரண் இருப்பதாகத் தோன்றலாம். இங்கே மயோஜெனின் முதிர்வைத் திறக்கிறது, அல்வியோலார் கட்டியில் அதே மயோஜெனின் நிறைந்திருந்தும் ஒன்றும் திறக்கவில்லை. ஒரே நோய்ப் பெயருக்குள் இரண்டு வேறு பூட்டுகள் இருக்கின்றன என்பதே இதற்கு விடை. அதை நெய்தல் அவர்கள் என்னைவிடச் சிறப்பாக எழுதுவார்.

நெய்தல் எழுதியது:

அழைத்தமைக்கு நன்றி. அல்வியோலார் வகையில் பெரும்பாலானவற்றில் 2ஆம், 13ஆம் குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டியிருக்கும். சிலவற்றில் 2க்குப் பதிலாக 1ஆம் குரோமோசோம். இதனால் பாக்ஸ்3 அல்லது பாக்ஸ்7 மரபணுவின் முற்பாதி ஃபாக்ஸோ1 மரபணுவின் பிற்பாதியோடு இணைந்து, இயற்கையில் இல்லாத ஒரு புரதம் உருவாகிறது. பாக்ஸ்3 இணைவு 1993இல் கண்டறியப்பட்டது. கருவில் தசை முன்னோடிகளை வழிநடத்தும் பாக்ஸ்3, உரிய காலத்தில் ஓய்ந்துவிட வேண்டிய புரதம். இந்தக் கலப்புப் புரதம் ஓய்வதில்லை. அது மயோடி, மயோஜெனின், பெருக்கத்தை ஊக்குவிக்கும் மைக்-என் ஆகிய மரபணுக்களின் அருகே மிகப்பெரிய தூண்டு பகுதிகளை நிறுவி, அவை எல்லாவற்றையும் ஒருசேர எரியவிட்டுக்கொண்டே இருக்கிறது. இயல்பான செல்லில் மயோஜெனின் ஏறும்போது பெருக்கத்தை ஊக்குவிக்கும் மரபணுக்கள் இறங்க வேண்டும். இங்கே ஏறியதும் இறங்க வேண்டியதும் ஒன்றாக நிற்கின்றன. அதனால்தான் மருத்துவர் காணும் அந்த அடர்ந்த சாயம்.

எனவே இந்த வகையில் கலப்புப் புரதத்தையே தணித்தாக வேண்டும். அதை நேரடியாகத் தடுக்கும் மருந்து கைவசம் இல்லாததால் சுற்றுவழி தேடுகிறார்கள். 2023இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்டோபர் வாக்காக் குழுவினர், மயோசின் தோன்றினால் ஒளிரும்படி புற்றுச் செல்களை அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு மரபணுவாகச் சிதைத்துப் பார்த்தார்கள். என்எஃப்-ஒய் என்னும் புரதத் தொகுதியைச் சிதைத்தபோது கலப்புப் புரதத்தின் உற்பத்தி குறைந்து, செல்கள் தசைச் செல்களைப்போல மாறின. "செல் செத்ததா?" என்று கேளாமல் "செல் தசையாயிற்றா?" என்று கேட்கும்படி அந்தத் தேடலை வடிவமைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். "புற்றுச் செல்லைத் தசையாக மாற்றிவிட்டார்கள்" என்ற தலைப்பைச் செய்தியில் படிக்கும் பெற்றோர், மருந்து நாளை வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ரத்தப் புற்றில் ஒரு வகையான புரோமயலோசைட்டிக் லுக்கீமியாவுக்கு 1980களில் ஷாங்காயில் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து, புற்றுச் செல்களை முதிரச் செய்தே நோயைத் தணித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நோயை உண்டாக்கும் கலப்புப் புரதத்திலேயே ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பி ஒரு பாதியாக இருந்தது. மருந்து பூட்டின் துளைக்கே உரிய சாவியாக அமைந்தது. தசைப் புற்றில் அப்படி ஒரு துளை நமக்குக் கிடைக்கவில்லை. தட்டில் வளரும் சில தசைப் புற்றுச் செல்களை ரெட்டினாயிக் அமிலம் ஓரளவு முதிரச் செய்தது. ஆனால் அது குழந்தைகளுக்குரிய வழக்கமான சிகிச்சையாக வளரவில்லை.

குழந்தைகளைக் காப்பாற்றியிருப்பது பிரியும் செல்லைத் தாக்கும் பழைய மருந்துகள்தான். 1972இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து இந்நோய்க்கான கூட்டு ஆய்வுகளைத் தொடங்கின. நோய் பரவாத குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பிழைக்கும் நிலை இன்று வந்திருப்பது அத்தகைய பொறுமையான ஆய்வுகளால்தான். வின்கிரிஸ்டின் அந்த மருந்துகளில் ஒன்று. நம் தென்மாவட்டங்களில் பயிரிடப்பட்டு ஏற்றுமதியாகும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது அது. ஐரோப்பியக் கூட்டாய்வு ஒன்று, வழக்கமான சிகிச்சை முடிந்த மிகு ஆபத்துள்ள குழந்தைகளுக்கு, அதே செடியின் வேதிப்பொருளிலிருந்து ஆக்கப்படும் வினோரெல்பினையும் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடையும் மேலும் 24 வாரங்களுக்குக் கொடுத்தது. ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 73.7 விழுக்காட்டிலிருந்து 86.5 விழுக்காடாக உயர்ந்ததை 2019இல் வெளியிட்டார்கள். முதிர்வுச் சிகிச்சையை ஆராய்பவர்கள் இந்த எண்களை மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நாம் முன்வைக்கும் எதுவும் இவற்றோடு சேர்ந்தோ, இவற்றைவிட மேலாகவோ பயன்பட வேண்டும்.

சீரம்குப்பி எழுதியது:

நான் ஆராய்ச்சியாளன் அல்லன். போலியோ வைரஸைப் பிரித்தெடுக்கும் ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்பராகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆர்டி என்ற பெயரைக் கண்டதும் எழுதத் தோன்றியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் போலியோ ஆய்வக வலையமைப்பில் ஆர்டி, எல்20பி என்ற இரண்டு செல் வரிசைகளில்தான் மலமாதிரிகளைச் சோதிக்கிறார்கள். ஆர்டி செல்கள் எங்களுக்கு வைரஸ் வளரும் விளைநிலமாக மட்டுமே இருந்தன. அவை ஒரு சிறுமியின் தசைப் புற்றிலிருந்து வந்தவை என்பதைப் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அந்தக் குழந்தையை நினைத்து அன்று வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

தம்பிக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு சொற்கள். செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் மறுவளர்ப்பின் எண்ணிக்கை கூடக்கூட இந்தச் செல்களின் குணம் மெல்ல மாறும். நாங்கள் குறித்த எண்ணிக்கையைத் தாண்டியதும் அவற்றைக் கழித்துவிட்டு, திரவ நைட்ரஜனிலிருந்து புதுக் குப்பியை எடுப்போம். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியின் தொற்றையும் தவறாமல் சோதிப்போம். தொற்றிய செல்லும் வேகம் தளர்ந்துதான் வளரும், ஊடகம் கலங்காது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வளர்ச்சி குன்றியதற்குக் காரணம் தேடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு தந்தை எழுதியது:

இங்கே எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். என் மகனுக்கு நான்கு வயதில் சிறுநீர்ப்பையில் இந்தக் கட்டி வந்தது. கருநிலை வகை என்றார்கள். கீமோ முடிந்து எடுத்த பயாப்சியில் "முதிர்ந்த தசைச் செல்கள் எஞ்சியுள்ளன" என்று எழுதியிருந்தது. எஞ்சியுள்ளன என்ற அந்தச் சொல்லில் எங்கள் வீடே இடிந்துபோயிற்று. மருத்துவர்கள் உடனே அறுவை சிகிச்சை செய்யாமல், அடிக்கடி பரிசோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். இன்று அவன் பள்ளிக்குப் போகிறான். ஆனால் அந்தச் செல்கள் தங்கள் வளர்ச்சியை முடித்துக்கொண்டவையா, அல்லது உறங்குபவையா என்ற கேள்வி ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தைய இரவும் என்னை எழுப்பிவிடுகிறது. நீங்கள் தட்டில் பார்ப்பதும் என் மகன் உடலில் நடந்ததும் ஒன்றுதானா?

பயாப்சிமேசை எழுதியது:

ஐயா, உங்களைவிடத் தகுதியுடையவர் இந்த இழையில் யாரும் இல்லை. உங்கள் மகனின் திசுவை நான் பார்த்ததில்லை என்பதால் அவனைப் பற்றிச் சொல்லும் உரிமை அவன் மருத்துவர்களுக்கே உண்டு. பொதுவாக அறிந்ததைச் சொல்கிறேன்.

கருநிலை வகையில், குறிப்பாகச் சிறுநீர்ப்பைக் கட்டிகளில், கீமோவுக்குப் பிறகு இளம் வட்டச் செல்கள் மறைந்து, இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசம் நிறைந்த, சில வேளை குறுக்குவரிகளும் தெரிகிற பெரிய செல்கள் மட்டும் காணப்படுவது நாங்கள் அறிந்த காட்சி. அவற்றில் பிரிவதற்கான அடையாளங்கள் இருப்பதில்லை. அத்தகைய முதிர்ந்த செல்கள் மட்டுமே இருப்பதை, உயிர்ப்புள்ள நோய் எஞ்சியிருப்பதாக உடனே கொள்ளக் கூடாது என்பதைக் குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். சிறுநீர்ப்பையை எடுக்காமலே பல குழந்தைகளைக் கண்காணிக்க முடிந்தது அதனால்தான். "எஞ்சியுள்ளன" என்ற சொல்லை எழுதும்போது அதைப் படிக்கப்போகும் தாய் தந்தையரை நாங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. இனி அந்தச் சொல்லோடு ஒரு விளக்க வரியும் சேர்த்து எழுதுவேன்.

அவை முடித்துக்கொண்டவையா என்று கேட்டீர்கள். குறுக்குவரி தோன்றுமளவு முதிர்ந்த செல் மீண்டும் பிரிவதை நான் கண்டதில்லை. ஆனால் மருந்து இளம் செல்லை முதிரச் செய்ததா, அல்லது இளம் செல்கள் எல்லாம் அழிந்து, முன்பே முதிர்ந்திருந்தவை மட்டும் தனித்துத் தெரிகின்றனவா என்பதைக் கண்ணாடித் துண்டில் காணும் ஒரு கணத்தைக் கொண்டு சொல்ல இயலாது. சிகிச்சைக்கு முந்தைய பயாப்சியிலும் தேடிப் பார்த்தால் அத்தகைய செல்கள் சில இருப்பதுண்டு.

செங்காந்தள் எழுதியது:

மருத்துவர் சொன்ன கடைசிச் செய்தியைத் தம்பி இரண்டு முறை படிக்க வேண்டும், ஏனெனில் அதே பொறி உங்கள் தட்டிலும் இருக்கிறது. மருந்து கொடுத்த தட்டில் மயோசின் ஒளிரும் செல்கள் 2 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1,000 செல்களில் 20 ஒளிர்ந்தன. இப்போது 200 செல்களே எஞ்சி, அதே 20 ஒளிர்கின்றன. ஒரு செல்கூடப் புதிதாக முதிரவில்லை. வகுக்கும் எண் செத்துப்போனதால் விழுக்காடு ஐந்து மடங்கு ஆகிவிட்டது. விழுக்காட்டோடு மொத்த எண்ணிக்கையையும் எப்போதும் எழுதுங்கள்.

தந்தையின் கேள்வி இதைவிட ஆழமானது. 2022இல் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் மைக்கேல் டயர் குழுவினர் இந்தக் கட்டிகளைச் செல் செல்லாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரே கட்டிக்குள் கருவின் தசை வளர்ச்சிப் படிகள் பலவும் கலந்திருக்கின்றன. நடுப்படியில் இருப்பவை வேகமாகப் பிரிகின்றன, கீமோவில் அவையே மடிகின்றன. மிகத் தொடக்கப் படியில் இருக்கும், கருவின் இடைப்படலத்தை ஒத்த செல்கள் மெல்லப் பிரிவதால் தப்பிவிடுகின்றன, பின்னர் அவற்றிலிருந்து கட்டி மீண்டும் வளரக்கூடும். ஆகச் சிகிச்சைக்குப் பிறகு ஏணியின் இரண்டு முனைகளும் எஞ்சுகின்றன. மேல்முனையில் இருப்பவை பயணத்தை முடித்தவை. கீழ்முனையில் இருப்பவைதாம் நாம் தேட வேண்டியவை. இரண்டுமே மெதுவானவை என்பதால் வளர்ச்சியை மட்டும் அளப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். உங்கள் வழிகாட்டி அந்த வரியை அடித்தது இதற்காகத்தான், தம்பி.

ஐயா, உங்கள் மகன் நலமாக இருக்கட்டும். உங்களை இரவில் எழுப்பும் கேள்விதான் இந்தத் துறையின் நடுக்கேள்வியும்.

நெய்தல் எழுதியது:

இதை ஏற்கிறேன். என் ஐயத்தையும் இதிலேயே கூர்மையாக்கிக்கொள்கிறேன். முதிர்வைத் தூண்டும் மருந்து கீழ்முனைச் செல்லை ஏணியில் ஏற்றுகிறதா, அல்லது ஏற்கெனவே நடுவில் இருந்தவற்றை மட்டும் ஏற்றுகிறதா? இரண்டாவதுதான் என்றால் கீமோ செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. டிராமெட்டினிப் ஆய்விலும், எலிகளில் அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்ததைவிட வளர்ச்சிக்காரணி ஏற்பி ஒன்றைத் தடுக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோதே கட்டி நீண்டகாலம் அடங்கியிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு வேண்டுகோள். மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு மீண்டும் முழுச் சீரம் கொடுத்துப் பாருங்கள். உண்மையில் முதிர்ந்த செல் திரும்பி வராது. வருபவை எவை என்று பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

தாமதத்துக்குப் பொறுத்தருள்க. நீங்கள் அனைவரும் சொன்னபடி முதலிலிருந்து செய்தேன். சீரம்குப்பி ஐயா சொன்ன மைக்கோபிளாஸ்மா சோதனையில் தொற்று இல்லை. ஆனால் என் செல்கள் எத்தனை முறை மறுவளர்ப்புச் செய்யப்பட்டவை என்பதற்குக் குறிப்பே இல்லை என்பது தெரிந்து, புதுக் குப்பியிலிருந்து தொடங்கினேன்.

ஒவ்வொரு தட்டிலும் மொத்த உட்கருக்கள், மயோசின் ஒளிரும் செல்கள், அவற்றில் இரண்டுக்கு மேற்பட்ட உட்கரு உள்ளவை, சாயமேற்றுமுன் மிதந்துபோனவை ஆகிய நான்கையும் எண்ணினேன். டிஎன்ஏ புதிதாக ஆக்கப்படும்போது அதில் சேர்ந்துகொள்ளும் வேதிக்குறியையும் கடைசி ஒரு நாள் கொடுத்து, எவை இன்னும் பிரிவதற்கு ஆயத்தமாகின்றன என்று பார்த்தேன்.

சீரத்தை மட்டும் குறைத்த தட்டில் பிரியும் செல்கள் குறைந்தன, மயோசின் செல்களின் மொத்த எண்ணிக்கை மாறவே இல்லை. முதல் அறிக்கையில் நான் முதிர்வு என்று எழுதியது வெறும் தளர்ச்சி என்பது உறுதியாயிற்று. மெக் தடுப்பு மருந்து கொடுத்த தட்டில் மொத்தச் செல்கள் குறைந்தாலும், மயோசின் செல்களின் எண்ணிக்கை உண்மையாகவே கூடியது. நீண்ட, இரண்டு மூன்று உட்கருக்கள் கொண்ட செல்களை முதன்முறையாக இந்தச் செல் வரிசையில் கண்டேன். எலிச் செல்களின் அழகிய குழல்களோடு அவற்றை ஒப்பிட முடியாது, இருந்தாலும் அன்று மாலை நுண்ணோக்கியை விட்டு எழ மனம் வரவில்லை.

பிறகு மருந்தைக் கழுவி முழுச் சீரம் கொடுத்தேன். நான் எண்ணிய மயோசின் செல்களில் ஒன்றுகூட வேதிக்குறியை ஏற்கவில்லை. ஆனால் அவற்றுக்கிடையே தனித்தனியாக இருந்த, மயோசின் இல்லாத சிறு செல்கள் நான்காம் நாளில் குறியை ஏற்றன. பத்தாம் நாளில் திட்டுத்திட்டாகப் பெருகியிருந்தன. நெய்தல் அவர்கள் கேட்ட செல்கள் அவைதாம் என்று எண்ணுகிறேன்.

அறிக்கையில் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "சீரக் குறைவு செல்களின் பெருக்கத்தைத் தளர்த்தியது, முதிர்வைக் கூட்டவில்லை. மெக் தடுப்பு ஒரு பகுதிச் செல்களை முதிரச் செய்து பெருக்கத்திலிருந்து விலக்கியது. முதிராத ஒரு பகுதி, தடுப்பு நீங்கியதும் மீண்டும் பெருகியது." வழிகாட்டி இம்முறை எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் "அந்தப் பகுதி எது?" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அதைத்தான் அடுத்துத் தேடப்போகிறேன். மருந்து கொடுப்பதற்கு முன்பே அந்தச் சிறு செல்களுக்கு ஏதேனும் தனி அடையாளம் இருந்ததா என்பதை எப்படிக் கண்டறிவது, செங்காந்தள் அம்மா?

செங்காந்தள் எழுதியது:

மருந்துக்கு முன்பே ஒவ்வொரு செல்லுக்கும் தனித்த டிஎன்ஏ முத்திரை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், தம்பி. அது பிரியும்போது மகள் செல்களுக்கும் செல்லும். அந்த மகள் செல்களை மூன்று தட்டுகளாகப் பிரித்து, மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துக் கழுவிய பிறகு, திரும்பி வளர்ந்தவற்றின் முத்திரைகளைப் படியுங்கள். மூன்று தட்டிலும் அதே முத்திரைகள் திரும்பி வந்தால் அவை முன்பே வேறுபட்டிருந்த செல்கள். ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு முத்திரைகள் வந்தால், எந்தச் செல்லும் தற்செயலாக அந்த நிலைக்குப் போகக்கூடும். முத்திரை சேர்த்த செல்களை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காமல் உறையவைத்துவிடுங்கள். செய்முறைக் குறிப்பைத் திங்கட்கிழமைக்குள் இங்கேயே இடுகிறேன்.